கட்டைவிரல் மறைத்த பூ

தன் வேலையிடத்துக்குத் தம்பி மனைவி தேடி வருவாள் என்று சருகக்கா கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் கதவருகே நிழல் தட்டியதும் யாரோ மாணவி என்று நினைத்து, நிமிராமலே, "செருப்பை வெளியில விட்டுட்டு வாம்மா" என்றாள்.

"அண்ணி" என்றது அந்த நிழல்.

சருகக்கா பசைத் தூரிகையைக் கீழே வைத்தாள். ஒரு காய்ந்த கொடியை அட்டைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அது பாதியில் நின்றது. வந்து நின்றவள் தம்பி மனைவி. தலை வாரவில்லை. இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு.

"அவரைக் காணோம் அண்ணி."

கல்லூரியின் மேல்மாடியில் உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் கூடம் அது. ஹெர்பேரியம் என்பார்கள். சுவர் முழுக்க இரும்பு பீரோக்கள், பீரோ முழுக்கத் தாள்கள், தாள் முழுக்க என்றைக்கோ எவரோ பறித்து அழுத்திக் காயவைத்த செடிகள். எங்கு பார்த்தாலும் அந்துருண்டை வாசனை. சருகக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எங்கக்கா படிச்ச படிப்புக்குச் சருகு பொறுக்குற வேலை கிடைச்சிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் தம்பி. சருகு என்ற பெயர் அவன் வைத்ததுதான். அவன் ஒருநாள் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுப் பேராசிரியர் முதல் காவலாளிவரை எல்லோரும் சருகக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பழகிப்போயிற்று.

தம்பி செல்போன் டவர்களைப் பழுது பார்ப்பவன். பாலைவனத்தில் ஆளரவமற்ற இடங்களில் நிற்கும் டவர்களுக்குத் தனியாக ஜீப் ஓட்டிப்போய், பேட்டரி மாற்றி, மேலே ஏறி முடுக்க வேண்டியதை முடுக்கிவிட்டு வருவான். அவனுக்கு அந்த வேலை உயிர். சருகக்காவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. கல்லூரியிலேயே ஒரு மின்பணியாளர் இடம் காலியானபோது அவள் சொல்லிவைத்தாள், அவன் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்து, "மனுஷன் பார்க்கிற வேலையாடா இது? குரங்கு பார்க்கிற வேலை" என்று சொல்லிவிட்டாள். தம்பி சிரித்துவிட்டுப் போயிருப்பான். தம்பி மனைவிக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. "என் புருஷனை என் வீட்டுல வச்சே குரங்குங்கறீங்களா?" என்று எழுந்தவள், அப்புறம் நாத்தனாருடன் பேசவேயில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட தம்பியும் மெல்ல மெல்ல அக்கா வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

இப்போது அவள் எதிரில் நின்று விக்கி விக்கிச் சொன்னாள். பருவமில்லாப் பருவத்தில் பாலைவனத்தில் கொட்டித் தீர்த்த மழையில் இரண்டு டவர்கள் செயலிழந்துவிட்டன. முதல் டவரைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதற்குப் புறப்பட்டவன் அங்கே போய்ச் சேரவில்லை. பாதை வெள்ளத்தில் அடித்துப்போயிருந்ததால் எங்கோ சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. டவர் ரிப்பேர் பார்க்கிறவனுடைய போனுக்கே டவர் கிடைக்கவில்லை.

"கடைசியா இது ஒண்ணு வந்துச்சு" என்று போனை நீட்டினாள்.

ஒரு பூவின் படம், தரையே தெரியாத அளவுக்கு நெருங்கி எடுத்தது. வெளிர் மஞ்சளில் ஐந்து இதழ்கள். பக்கத்தில் தடித்த சிறு இலைகள், ஓரமெல்லாம் புசுபுசுவென்று ரோமம். பூ காற்றில் ஆடாமலிருக்க அதன் அடியில் ஒரு கட்டைவிரல் முட்டுக்கொடுத்திருந்தது. சுத்தியல் பட்டுக் கறுத்த நகம். சருகக்காவுக்குப் பூவைவிட அந்த நகம்தான் முதலில் கண்ணில் பட்டது. படத்தின் கீழே எழுதியிருந்தான்: "இது என்ன பூன்னு சருகுகிட்ட கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே."

சருகக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "முந்தாநாள் மத்தியானம். உங்ககிட்ட வந்து நிக்கணுமான்னு வச்சிருந்துட்டேன். அவர் சாயங்காலம் பேசுவாருன்னுதான் நினைச்சேன்."

பேசவேண்டியது எவ்வளவோ இருந்தது. சருகக்கா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டில்தான் மீட்புக் குழு உட்கார்ந்திருந்தது. அதன் தலைவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். தூக்கமில்லாமல் கண் சிவந்து, எதிரில் ஆறிப்போன தேநீரோடு இருந்தார். மழை பாலைவனத்தோடு நிற்கவில்லை. கீழே தாழ்வான ஊர்களில் வீட்டுக் கூரைமேல் குடும்பம் குடும்பமாக ஏறி நின்றார்கள். இருந்த ஒரே ஹெலிகாப்டர் அவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது.

சுவரில் ஒரு பெரிய வரைபடம். கேப்டன் அதில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "இந்தப் படம் முதல் டவர் வழியாத்தான் போயிருக்கு. அதோட எல்லை இவ்வளவு. இதுல தெற்கால போனா மணல்மேடும் காஞ்ச ஆறும். வடக்கால போனா வெள்ளை மேடு. ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டு அடுத்த டவருக்குப் போகலாம். என்கிட்ட இருக்கிறது ரெண்டு ஜீப்பு, நாலு ஆளு. ரெண்டு பக்கமும் பிச்சுப்பிச்சு அனுப்பினா ஒரு பக்கமும் உருப்படியா தேட முடியாது. இவங்க காலையில இந்தப் பூவைக் காட்டினாங்க. பூவை வச்சு நான் என்னம்மா பண்றதுன்னு கேட்டேன். எங்கண்ணி சொல்வாங்கன்னாங்க. சொல்லுங்க. இது எந்தப் பக்கத்துப் பூ?"

சருகக்கா படத்தைப் பெரிதாக்கினாள். சின்னதாக்கினாள். மறுபடியும் பெரிதாக்கினாள்.

அந்த முகஜாடையில் பாலைவனத்தில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்றுக்கு மணல் ஒட்டி என்று பெயர். இலை ரோமத்தில் பிசின் சுரக்கும். மழை பெய்தால் மணல்மேட்டிலும் ஆற்றுப்படுகையிலும் கூட்டம் கூட்டமாக வரும். மற்றதுக்கும் இலையில் பிசின் உண்டு; ஆனால் அபூர்வம், வெள்ளை மேட்டில் எங்கோ சில இடங்களில் மட்டும் வளர்வது. ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. ஹெர்பேரியத்தில் அதைத் தங்கச்சி என்பார்கள். அக்காவான மணல் ஒட்டியையும் தங்கச்சியையும் பிரித்துச் சொல்ல ஒரே நிச்சயமான அடையாளம் பூவின் அடியில் பச்சைக் கிண்ணம்போல் இருக்கும் புல்லிவட்டம்தான். அக்காவுக்கு அதில் ரோமம் இருக்கும், தங்கச்சிக்கு வழவழவென்றிருக்கும்.

அந்தக் கிண்ணத்தைத்தான் தம்பியின் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது.

"விரலை எடுடா" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது; போன் கேமரா நிறத்தைக் கெடுக்கும். காய் இன்னும் விடவில்லை. வேறு நாளாக இருந்தால், "தெரியாது, புல்லிவட்டம் தெரியலை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பாள். அவளுடைய தொழிலில் தெரியாது என்பது மரியாதையான பதில். இந்த அறையில் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியை அவள் உயிரோடு பார்த்ததே இல்லை. மணல் ஒட்டியோ மழைக்குப் பின் மூலைக்கு மூலை பூப்பது. எது கண்ணில் பட வாய்ப்பு அதிகம்?

"மணல் ஒட்டி" என்றாள். "தெற்கு."

கேப்டன் எழுந்து தொப்பியை எடுத்தார்.

அன்று பகல் முழுக்க இருவரும் தீயணைப்பு நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வயர்லெஸ் கரகரக்கும்போதெல்லாம் தம்பி மனைவி எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். யாரோ கொண்டுவந்து கொடுத்த ரொட்டி பொட்டலம் பிரிக்கப்படாமல் நடுவில் கிடந்தது.

"அவருக்கு இந்த வேலை வேண்டாம்னு நீங்க சொன்னப்ப எனக்கும் உள்ளுக்குள்ள அதேதான்" என்றாள் அவள் திடீரென்று. "ஆனா நீங்க சொன்ன விதம் இருக்கே..."

"தெரியும்மா."

"மேல ஏறி நின்னா உலகமே காலடியில இருக்குதும்பாரு. அந்த ஆளை எப்படி ஒரு ரூமுக்குள்ள உட்கார வைக்கிறது?"

சருகக்காவின் மனம் அந்தப் பூவையே சுற்றிச் சுற்றி வந்தது. சொன்னது சரிதானா? சரியாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப்புகள் திரும்பின. கேப்டன் இறங்கி வந்த நடையிலேயே சேதி தெரிந்துவிட்டது. ஆற்றுப்படுகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாயிற்று. மணல்மேட்டின் முதுகிலெல்லாம் ஏறி இறங்கியாயிற்று. ஒரு டயர் தடம்கூட இல்லை.

"நீங்க சொன்ன பூ நிறைய இருந்துச்சு" என்றார். குத்திக்காட்டும் எண்ணமில்லாமல்தான் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. நெஞ்சுப் பாக்கெட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "அடையாளம் பார்க்க உதவும்னு பறிச்சேன்."

தம்பி மனைவி சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

சருகக்கா அந்தக் கொத்தைக் கையில் எடுத்தாள். வாடியிருந்தாலும் பிசுபிசுத்தது. எடுத்த கையெல்லாம் மணல். இலையின் மேலும் கீழும் மாவில் புரட்டி எடுத்தாற்போல் மணல் அப்பியிருந்தது. கேப்டனின் பாக்கெட் ஓரத்தில்கூட மணல் கோடு. அதனால்தானே அதற்கு அந்தப் பெயர்? காற்றில் பறக்கும் மணலெல்லாம் இலைப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். ஆடுமாடு வாய் வைத்தால் பல் நறநறக்கும், துப்பிவிட்டுப் போய்விடும். அந்தச் செடிக்கு அதுதான் கவசம். ஹெர்பேரியத்தில் அதன் தாளைத் திறந்த நாளெல்லாம் மேஜையைத் துடைக்க வேண்டியிருக்குமே! எத்தனை முறை அலுத்துக்கொண்டே துடைத்திருக்கிறாள்!

கொத்தை மேஜையில் வைத்தாள்.

"போனைக் கொடு" என்றாள். தம்பி மனைவி நீட்டினாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். இந்த முறை பூவைப் பார்க்கவில்லை. இலையை மட்டும் பார்த்தாள். ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நுனியில் பிசின் சொட்டு மின்னியது. ஒரு மணல்கூட இல்லை.

மழை கழுவியிருக்குமோ? மேஜைமேல் இருந்த குவளைத் தண்ணீரை அந்தக் கொத்தின்மேல் அப்படியே ஊற்றினாள். தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. மணல் அசையவில்லை. விரலால் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் கேப்டன்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் சருகக்கா. "இது அது இல்லை. பிசின் இருக்கு, மணல் இல்லை. அப்படின்னா இந்தச் செடியைச் சுத்தி மணலே இல்லை. பறக்குறதுக்கு ஒரு பொடிகூட இல்லாத, இறுகிப்போன தரை. வெள்ளை மேட்டுல ஜிப்சம் மண் மழையில நனைஞ்சு காஞ்சா மேல பொருக்கு கட்டிக்கும். அந்தப் பொருக்குலதான் தங்கச்சி முளைக்கும். அவன் வடக்கால போயிருக்கான்."

கேப்டன் அவளை உற்றுப் பார்த்தார். "காலையில தெற்குன்னீங்க."

"ஆமா."

"இப்ப வடக்குங்கறீங்க."

"ஆமா."

"நாளைக்கு வெள்ளத்துப் பக்கம் ரெண்டு ஜீப்பையும் கேட்டிருக்காங்கம்மா. அங்க குழந்தைங்க இருக்கு. எந்தத் தைரியத்துல நான்..." அவர் முடிக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சருகக்கா படிப்பைச் சொல்லிப் பார்த்தாள், வேலை பார்த்த வருஷங்களைச் சொல்லிப் பார்த்தாள். காலையில் அதே படிப்புதான் தெற்கே அனுப்பியது என்று அவளுக்கே உறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் பேசியது சுவரோரம் உட்கார்ந்திருந்தவள்.

"சார்" என்றாள் தம்பி மனைவி. எழுந்து வந்து, ஈரத் தரையில் நின்று, போனை வாங்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "நீங்க செடியைப் பத்திப் படிக்காதவரா இருந்தாலும் பரவாயில்லை. நான் எதுவும் படிக்கலை. இந்த இலையையும் அந்த இலையையும் பாருங்க. சும்மா பாருங்க."

கேப்டன் பார்த்தார். ஈரக் கொத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு ஜீப்பு" என்றார். "நானே ஓட்டுறேன். விடிஞ்சதும் கிளம்பணும். நீங்களும் வர்றீங்க" என்றார் சருகக்காவைப் பார்த்து.

வெள்ளை மேடு என்பது ஒரு மேடல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பால் காய்ச்சி ஊற்றினாற்போல் வெளுத்த குன்றுகள். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கண் கூச ஆரம்பித்துவிட்டது. முன்னால் கேப்டனும் சருகக்காவும். பின்னால் அவருடைய ஆள் ஒருவனும், எவ்வளவு சொல்லியும் இறங்க மறுத்த தம்பி மனைவியும்.

"இதுல எங்கேன்னு தேடுறது?" என்றார் கேப்டன்.

சருகக்கா ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டியிருந்தாள். வாழ்நாளெல்லாம் காய்ந்த செடியையே பார்த்தவளுக்கு அது நின்று வளர்ந்த மண்ணைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. பயமாக இருந்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் இந்த வெளிச்சத்தில் எதற்கும் உதவாததுபோல் தோன்றியது.

"உச்சியில இருக்காது" என்றாள். "தண்ணி நிக்காது. நடுப்பள்ளத்துலயும் இருக்காது, அங்க உப்பு. சரிவு முடியற இடமாப் பாருங்க. மழைத் தண்ணி ஓடி வந்து கொஞ்ச நேரம் தங்கிட்டுப் போற இடம். அந்த ஓரமாவே போங்க."

குன்றின் அடியோரமாகவே போனார்கள். ஒரு குன்று. இன்னொரு குன்று. வெறும் வெள்ளை. சூரியன் ஏறிக்கொண்டே போனது. இந்த வெயிலில் ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான்? இதுவும் தப்பாக இருந்தால்? கேப்டன் ஒருமுறை எரிபொருள் முள்ளைப் பார்த்தார். அதைச் சருகக்கா பார்த்துவிட்டாள்.

அடுத்த குன்றைச் சுற்றித் திரும்பியதும், "நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

வண்டி நிற்குமுன்பே குதித்தாள். வெள்ளைத் தரையில், சரிவு முடிகிற விளிம்பில், கையகலச் செடி ஒன்று. வெளிர் மஞ்சளாக ஒரே ஒரு பூ. மண்டியிட்டுப் பூவை நிமிர்த்தி அடியைப் பார்த்தாள். கிண்ணம் வழவழவென்றிருந்தது. இலை இப்போதுதான் குளித்து வந்ததுபோல் சுத்தமாக இருந்தது.

தாளில் அரைத் துண்டாக மட்டுமே பார்த்திருந்த செடி, வேரும் பூவுமாக எதிரில் நின்றது. இன்னொரு நாளாக இருந்தால் அவள் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். ஓரமாக இன்னொன்று இருந்தது. அதைத் தாண்டி நாலைந்து. அப்புறம் ஒரு கூட்டமே பூத்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் முட்டை ஓடு நொறுங்கினாற்போல் பொருக்கு நொறுங்கி, இணைகோடாக இரண்டு தடம்.

"டயர்!" என்று பின்னால் வந்த ஆள் கூவினான்.

தடம் அந்தப் பூக்கூட்டத்தைத் தொட்டு நின்றிருந்தது. இறங்கிப் படமெடுத்தவனின் செருப்புத் தடமும் அச்சுப்போல இருந்தது. திரும்ப ஏறியிருக்கிறான். தடம் முன்னே போனது. போய், ஒரு இடத்தில் அப்படியே முடிந்துவிட்டது. அதற்குப் பின் தரையே இல்லை.

"யாரும் நகராதீங்க!" கேப்டன் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். "மழையில ஜிப்சம் கரைஞ்சிருக்கு. அடியில குடைஞ்சு போயிருக்கு. மேல பொருக்கு மட்டும்தான்."

வட்டமாக ஒரு பள்ளம். மேலே பறந்து போனாலும் வெள்ளையோடு வெள்ளையாகத்தான் தெரியும். ஜீப்பின் நிறமும் வெள்ளை.

"டேய்!" என்று சருகக்கா கத்தினாள். "டேய் தம்பி!"

வெட்டவெளி. காற்று.

தம்பி மனைவி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் நகம் சதைக்குள் இறங்கியது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். இரும்பில் இரும்பு பட்டதுபோல. டங். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டங்.

"ஸ்பேனர்" என்றாள் தம்பி மனைவி. "ஸ்பேனரால தட்டுறாரு."

அதற்கப்புறம் நடந்ததில் அவர்கள் இருவருக்கும் செய்ய எதுவும் இல்லை. கேப்டன் வயர்லெஸ்ஸில் கத்தினார். உயிரோடு ஓர் ஆள் என்றதும் ஹெலிகாப்டர் தருவதாகச் சொன்னார்கள். அவருடைய ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பலகையை முன்னால் தள்ளித் தள்ளிப் படுத்தபடியே விளிம்புக்கு ஊர்ந்தான். ஒரு துண்டுப் பொருக்கு உடைந்து உள்ளே விழுந்தபோது கீழிருந்து ஒரு முனகல் வந்தது. தம்பி மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சருகக்காவோ அந்த முனகலை இன்னொரு முறை கேட்டால் போதும் என்றிருந்தாள்.

வண்டி மூக்கு குப்புற விழுந்து, முன்பக்கம் நசுங்கி, அவன் இடது காலைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்ணீர் கேன் உருண்டு கைக்கெட்டும் இடத்தில் விழுந்ததுதான் அவன் செய்த புண்ணியம். வண்டித் தகட்டை அறுத்து அவனைத் தூக்கியபோது முகமெல்லாம் வெள்ளைப்புழுதி. உதடு வெடித்து, கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன. இருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "பேட்டரி மாத்திட்டேன் சார்" என்று மட்டும் கேப்டனிடம் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை நெடுநேரம் நீண்டது. முடிந்து வெளியே வந்த டாக்டர் இளவயதுப் பெண். முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை. இடது காலை முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு. ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சு. ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்."

அவள் போய்விட்டாள். யார் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள். ஆற்றுப்படுகையில் ஜீப்புகள் மேலும் கீழும் அலைந்த அந்த ஒரு நாள். சருகக்காவின் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை.

"நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அண்ணி." தம்பி மனைவியின் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. களைத்துப்போன குரல். "நீங்க ஒரு நாளைச் சொல்வீங்க. நான் அந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த நாளைச் சொல்லணும். அதையெல்லாம் இப்ப என்னால பேச முடியாது. ஆனா ஒண்ணு பண்ணுங்க. கண்ணு முழிச்சதும் கேட்பாரு. நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது."

மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் அவன் கண் விழித்தான். சருகக்கா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே போர்வையைக் கூடாரம்போல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த முறை அடையாளம் தெரிந்தது.

"சருகு" என்றான். தொண்டையில் காற்றுதான் வந்தது.

"ம்."

"வண்டி என்னாச்சு?"

"வண்டி போகட்டும்டா." அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "காலை எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ."

அவன் போர்வையைப் பார்த்தான். மேலே தூக்கிக் கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போன உடம்பு அவனுக்கு எதையும் சொல்லவில்லை.

"எந்தக் காலு?"

"இடது."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக் கையைத் தூக்க அவனுக்குத் தெம்பில்லை. சருகக்கா துடைத்துவிட்டாள்.

"கிளட்ச் மிதிக்கிற காலு" என்றான்.

அவள் குனிந்து நெற்றியைக் கட்டில் கம்பியில் வைத்து, இரண்டு நாளாக வராத அழுகையை அழுதாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி உள்ளே வந்து, கட்டிலின் மறுபக்கம் போய், நாற்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.